கேப்டன் அமெரிக்கா முதல் படத்தை (2011) ஏன் யாரும் கொண்டாடுறதில்ல?

ராத்திரி ஷோ:

மார்வெல்னு பேச்சு வந்தா நம்ம மக்கள் நேரா ‘எண்ட்கேம்’ல போய் நிப்பாங்க. கேப்டன் அமெரிக்கா வரிசையில மட்டும் கேட்டாலும் ரெண்டாவது படம்தான் கெத்துன்னு சொல்லுவாங்க. 2011ல ஜோ ஜான்ஸ்டன் எடுத்த ‘தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ கடமைக்குப் பார்த்து வைக்கிற படமா ஆகிப்போச்சு. எனக்கு அதுல ரொம்ப நாளா வருத்தம். போர்க்காலத்துல நடக்கற சூப்பர்ஹீரோ பிறப்புக் கதைன்னு எடுத்தா இதைத் தாண்டி ஒண்ணு இன்னும் வரலைங்கிறது என் கட்சி. அடிக்க வர்றவங்க முழுசா படிச்சிட்டு அடிங்க.

வழக்கமா இந்த வகைப் படத்துல என்ன நடக்கும்? சக்தி முதல்ல வரும். அதை வெச்சுக்கிட்டு பையன் ஆட்டம் போடுவான். வேண்டப்பட்டவங்க யாராச்சும் செத்ததும் பொறுப்பு வரும். இங்க ஸ்டீவ் ரோஜர்ஸ்னு ஒரு நோஞ்சான். ஆஸ்துமா, அது இதுன்னு ஒரு பட்டியலே இருக்கு. பட்டாளத்துல சேர அஞ்சு ஊர்ல போய்ப் பொய் விலாசம் கொடுத்துப் பார்க்கறான், அஞ்சு இடத்துலயும் ‘4எஃப்’னு, அதாவது பட்டாளத்துக்கு லாயக்கில்லைன்னு, முத்திரை குத்தி அனுப்பிடறாங்க. அவனைக் கவனிச்சுக்கிட்டு இருக்கற டாக்டர் எர்ஸ்கின் (ஸ்டான்லி டூச்சி) கேக்கற கேள்வி: நாஜிகளைக் கொல்லணுமா உனக்கு? யாரையும் கொல்ல ஆசையில்ல, எந்த ஊர்க்காரனா இருந்தாலும் எளியவனை மிதிக்கறவனைப் பிடிக்காதுங்கிறான். அவ்வளவுதான், தேர்வு முடிஞ்சுது. சக்தி வர்றதுக்கு முன்னாடியே ஆள் முழுசா தயார்.

பயிற்சி முகாம்ல வர்ற கையெறிகுண்டு காட்சியை மறுபடி பாருங்க. கர்னல் ஃபிலிப்ஸுக்கு (டாமி லீ ஜோன்ஸ்) முரட்டு ஆள்தான் வேணும். தைரியம்தானே பாக்கணும்னு ஒரு டம்மி குண்டை நடுவுல வீசறார். அத்தனை பலசாலியும் சிதறி ஓடறான். நம்மாளு குண்டு மேல குப்புற விழுந்து, வயித்தால அதை அமுக்கிக்கிட்டு, மத்தவங்களைத் தள்ளிப் போங்கன்னு கையாட்டறான். வெடிக்கலைன்னு தெரிஞ்சதும் தலையைத் தூக்கி, இது சோதனையான்னு கேக்கறான். வாயடைச்சுப் போன கர்னல், ‘ஆனாலும் ஒல்லியாத்தானே இருக்கான்’னு முணுமுணுத்துட்டுப் போறார். இந்தக் காட்சிக்குப் பின்னணி இசை போட்டு அழ வெச்சிருக்கலாம். சிரிக்க வெச்சிருக்காங்க.

இதெல்லாம் எல்லாரும் ஒத்துக்கற விஷயம். நான் சொல்ல வந்தது அதுக்கு அடுத்தது. எர்ஸ்கின் கண்டுபிடிச்ச பலம் தர்ற மருந்து ஏத்தியாச்சு, உடம்பு வந்தாச்சு, எர்ஸ்கினைச் சுட்டுட்டாங்க, மருந்தோட ரகசியமும் அவரோட போச்சு. வேற படமா இருந்தா அடுத்த காட்சியில ஹீரோ போர்முனையில இருப்பான். இங்க கர்னல், படை கேட்டா ஒத்தை ஆள்தான் கிடைச்சுதுன்னு சலிச்சுக்கிட்டு அவனைக் கழட்டி விட்டுடறார். ஒரு செனட்டர் அவனைக் கூட்டிட்டுப் போய் மேடையேத்திடறார்! இறுக்கமான கலர் டிரஸ், பின்னாடி ஆட்டக்காரப் பொண்ணுங்க, கையில மேடைக் கேடயம். போர்க்கடன் பத்திரம் வாங்குங்கன்னு ஊர் ஊரா ஷோ. பேச வேண்டிய வசனத்தைக் கேடயத்துக்குப் பின்பக்கம் ஒட்டி வெச்சு, கண்ணை இடுக்கிப் படிக்கறான். ஹிட்லர் வேஷம் போட்ட ஒருத்தன் பின்னாடி பதுங்கி வருவான், குழந்தைங்க கத்தும், இவன் திரும்பி ஒரு குத்து விடுவான். தினமும் இதே.

படத்தோட உயிர் இந்தப் பத்து நிமிஷத்துலதான் இருக்கு. கேப்டன் அமெரிக்காங்கிற பாத்திரமே காகிதத்துல பிரச்சாரத்துக்காகப் பிறந்தவன். அந்த உண்மையை மறைக்காம, கதைக்குள்ளயே அவனைப் பிரச்சாரப் பொம்மையா ஆக்கிக் காட்டற துணிச்சல் இதுல இருக்கு. அப்புறம் இத்தாலியில நிஜ சிப்பாய்கள் முன்னாடி அதே ஷோ. தக்காளி வீசறாங்க, பொண்ணுங்களைக் கூப்பிடுன்னு ஊளையிடறாங்க. ஷோ முடிஞ்சு மழையில தனியா உக்காந்து நோட்டுல ஒரு படம் வரையறான். கேப்டன் அமெரிக்கா டிரஸ் போட்ட குரங்கு, ஒத்தைச் சக்கர சைக்கிள்ல. வசனமே வேணாம், அவன் தன்னைப் பத்தி என்ன நினைக்கறான்னு அந்தப் பக்கத்துல இருக்கு.

அங்கிருந்து நண்பன் பக்கியைத் தேடி எதிரி எல்லைக்குள்ள போறப்போ, அவன் தலையில மாட்டியிருக்கற ஹெல்மெட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கவனிச்சீங்களா? ஆட்டக்காரப் பொண்ணு போட்டிருந்தது. கையில அதே மேடைக் கேடயம். வேஷத்தைக் கழட்டிப் போட்டுட்டு வீரன் ஆகலை அவன், வேஷத்தோடயே போறான்.

நீங்க சொல்லுங்க.

மொட்டைமாடி:

தல, இடைவேளை வரைக்கும் நீங்க சொன்னது எல்லாத்துக்கும் கையெழுத்து போடறேன். அதுக்கப்புறம்? நாநூறு கைதிகளைக் காப்பாத்திட்டு நடந்து வர்றாரு, எல்லாரும் கை தட்டறாங்க, சரி. உடனே ஒரு மாண்டேஜ், துண்டு துண்டா காட்சிகளை ஒட்டி வேகமா ஓட்டறது. வெடி, பைக், கேடயம் பறக்குது, வெடி. ஒரு போரையே ரெண்டு மூணு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. மீட்ட கைதிங்கள்லேர்ந்து அவரு சேர்த்துக்கிட்ட கூட்டாளிங்க பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? டம் டம் டூகனோட மீசையும் தொப்பியும் ஞாபகம் இருக்கு, ஆள் என்ன பேசினான்னு கேட்டா தெரியாது.

அடுத்தது அந்த நீலக் கதிர்த் துப்பாக்கி. பட்டா ஆள் ஆவியாயிடுவான். ரத்தம் கிடையாது, பிணம் கிடையாது. போர்ப் படத்துல போரே இல்ல பாஸ். நாஜிகளை ஓரமா தள்ளிட்டு ‘ஹைட்ரா’ன்னு ஒரு கற்பனை வில்லன் கூட்டம், ஆக்டோபஸ் சின்னத்தோட. ஏன்னா ஸ்வஸ்திகா போட்ட பொம்மை விக்க முடியாது, ஆக்டோபஸ் போட்ட பொம்மை விக்கலாம்.

பழைய பேப்பர்:

ரெண்டு பேருக்கும் வணக்கம். நமக்கு காமிக்ஸ்னா முத்து, லயன்தான். இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர்னு எல்லாம் பிரிட்டிஷ் சரக்கு. அதனால இந்தக் கொடி போர்த்தின ஆளோட முன்கதை நம்ம பக்கம் அவ்வளவா தெரியாது. படத்தை ரசிக்க அது உதவும்.

கேப்டன் அமெரிக்கா முதல் இதழ்ல போட்டிருக்கற தேதி மார்ச் 1941. கடைக்கு வந்தது 1940 டிசம்பர்ல. அட்டையில ஹிட்லர் தாடையில ஒரு குத்து. பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7. அதாவது இதழ் வந்தது அமெரிக்கா போருக்குள்ள வர்றதுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாடி! அப்போ ‘ஐரோப்பாக்காரன் சண்டை, நமக்கென்ன’ன்னு சொன்ன கட்சி அங்க ரொம்ப பலமா இருந்துது. உருவாக்கின ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் நியூயார்க்ல வேலை பார்த்த யூத இளைஞர்கள். கிர்பியோட சொந்தப் பேர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். அந்த அட்டைக்கு அமெரிக்காவுலயே இருந்த நாஜி ஆதரவாளர்கள்கிட்டேர்ந்து மிரட்டல் வந்துச்சு, அலுவலகத்துக்கு போலீஸ் காவல் போட்டாங்க, நியூயார்க் மேயர் லா கார்டியா போன் பண்ணி தைரியம் சொன்னாருன்னு சைமன் பின்னாடி எழுதியிருக்காரு.

அதனால ‘பிரச்சாரப் பொம்மை’ங்கறதைக் கொஞ்சம் திருத்திச் சொல்லணும். அரசாங்கம் கேட்டு வரைஞ்ச பிரச்சாரம் இல்ல அது. ரெண்டு பேருக்கு இருந்த கோபம். அரசாங்கம் பின்னாடிதான் அந்தப் பக்கம் வந்துச்சு.

மேடையில ஹிட்லரைக் குத்தறது அந்த அட்டைக்கு ஒரு கும்பிடு. அந்த அட்டையே படத்துக்குள்ள புத்தகமாவும் வரும், பாருங்க. முக்கோணமா இருக்கற மேடைக் கேடயம் முதல் இதழ்ல இருந்த வடிவம். வேற ஒரு கம்பெனியோட ஹீரோ மார்க் மாதிரி இருக்குன்னு தகராறு வந்ததும் ரெண்டாவது இதழ்லயே வட்டமாக்கிட்டாங்க. படத்துலயும் முதல்ல முக்கோணம், அப்புறம் வட்டம். 1944ல கேப்டன் அமெரிக்கா தொடர் படமா திரையரங்குல ஓடுச்சு. படத்துல ஸ்டீவ் கேமரா முன்னாடி பொய்ச் சண்டை போடறதைக் காட்டறாங்களே, அது அதுக்கு.

கிர்பி சும்மா மேஜையில உக்காந்து வரைஞ்சவரில்ல. பட்டாளத்துல சேர்த்துக்கிட்டாங்க, 1944ல நார்மண்டியில இறங்கினாரு, வரையத் தெரியும்னு வேவு பாத்து வரைபடம் போடற வேலை கொடுத்தாங்க. குளிர்ல கால் விறைச்சு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. 1994ல காலமாயிட்டாரு. சைமன் மட்டும் இந்தப் படம் வந்தப்போ இருந்தாரு. 2011 ஜூலையில ரிலீஸ், அதே வருஷம் டிசம்பர்ல 98 வயசுல போனாரு.

பச்சைத்திரை:

நான் கம்பாசிட்டிங் வேலை, அதாவது தனித்தனியா எடுத்த காட்சிகளை கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேக்கற வேலை, பாக்கறவன். எங்க தொழில்ல இந்தப் படத்தை இன்னும் எடுத்துப் போட்டுப் பாப்போம், அந்த நோஞ்சான் ஸ்டீவுக்காக. நிறைய பேர் கிறிஸ் எவான்ஸ் தலையை வேற ஒல்லி ஆள் உடம்புல ஒட்டிட்டாங்கன்னு நினைக்கறாங்க. கொஞ்ச ஷாட்டுல அப்படித்தான், லியாண்டர் டீனின்னு ஒரு மேடை நடிகர் அதுக்கு உடம்பு கொடுத்தாரு. ஆனா பெரும்பாலான ஷாட்டுல இருக்கறது எவான்ஸோட சொந்த உடம்புதான். லோலாங்கிற கம்பெனி அதை ஃப்ரேம் ஃப்ரேமா சுருக்கினாங்க. தோளை இறக்கு, கழுத்தை மெலிசாக்கு, தாடையைச் செதுக்கு, இடுப்பைக் குறுக்கு. ஆளைச் சுருக்கினா அவன் மறைச்சிருந்த பின்னணி ஓட்டையா வந்து நிக்கும் இல்லையா, அதை நிரப்ப அதே ஷாட்டை அவரில்லாம ஒரு தடவை, பச்சைத் திரை முன்னாடி ஒரு தடவை, டூப் வெச்சு ஒரு தடவைன்னு எடுக்கணும்.

இதுல பெரிய தலைவலி பார்வை. ஸ்டீவ் கடைசியில குள்ளமா வரப்போறான், ஆனா செட்டுல எவான்ஸ் ஆறடி. எதிர்ல நிக்கற நடிகர் அவர் கண்ணைப் பாத்துப் பேசினா, சுருக்கினப்புறம் தலைக்கு மேல எங்கேயோ பாக்கற மாதிரி ஆயிடும். அதனால எவான்ஸ் தாடையில ஒரு குறி வெச்சு, மத்தவங்க அதைப் பாத்துப் பேசினாங்க. அவரு அவங்க உச்சந்தலையில வெச்ச குறியைப் பாத்துப் பேசினாரு. ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாக்காமலே நடிச்ச காட்சிங்க அது. எர்ஸ்கினும் ஸ்டீவும் படுக்கையில உக்காந்து பேசற காட்சியை இதை மனசுல வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. நடிப்புன்னா அது.

இன்னொண்ணு, எர்ஸ்கினைச் சுட்ட உளவாளியை ஸ்டீவ் புரூக்ளின் தெருவுல வெறுங்காலோட துரத்தற காட்சி எடுத்தது இங்கிலாந்துல, மான்செஸ்டர் டேல் ஸ்ட்ரீட்ல.

ராத்திரி ஷோ:

@பச்சைத்திரை செம தகவல் பாஸ். அந்தத் துரத்தல்ல எனக்குப் பிடிச்சது, உளவாளி ஒரு சின்னப் பையனைத் தண்ணியில தூக்கி எறிவான். ஸ்டீவ் நின்னு பதறுவான். பையன் தண்ணியிலேர்ந்து, எனக்கு நீச்சல் தெரியும், நீ அவனைப் பிடின்னு கத்துவான். போர்க்கால நியூயார்க்கோட வீம்பு முழுக்க அந்தப் பொடியன்கிட்ட இருக்கு.

கேடயமும் அப்படித்தான், யாரும் தூக்கிக் கொடுக்கலை. முதல்ல சந்துல அடி வாங்கறப்போ குப்பைத்தொட்டி மூடி. அப்புறம் இந்தத் துரத்தல்ல டாக்ஸிக் கதவு. அப்புறம் மேடைக் கேடயம். நிஜக் கேடயம் வர்றதுக்கு முன்னாடியே அவன் கை அதைத் தேடிக்கிட்டு இருந்துது.

@பழைய பேப்பர் அண்ணே, ‘கோபம்’னு நீங்க சொன்னதை எடுத்துக்கறேன். அப்போ படம் இன்னும் சுவாரசியமாகுது. ரெண்டு பேரோட கோபத்தை எடுத்து வியாபாரம் பண்ற செனட்டர், அதை மறுபடி பிடுங்கிக்கிட்டுப் போற ஸ்டீவ்.

@மொட்டைமாடி உங்களுக்கு வர்றேன், இருங்க.

வைகைக்கரை:

வரலாறு சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால் இந்த இழையில் மூக்கை நுழைக்கிறேன்.

முதலில் அந்தப் பத்திர விற்பனை. படம் பார்ப்பவர்கள் அதை வேடிக்கைக்குச் சேர்த்தது என்று நினைத்துவிடக்கூடாது. சீரிஸ் ஈ பத்திரம் என்று பெயர். 18.75 டாலர் கொடுத்து வாங்கினால் பத்து ஆண்டில் 25 டாலராகத் திரும்பும். போர் முடிவதற்குள் இந்த வகையில் திரட்டிய கடன் 18,500 கோடி டாலர் அளவுக்குப் போனது. ஹாலிவுட் முழுக்க இதில் இறங்கியது. நடிகை கரோல் லொம்பார்ட் இண்டியானாவில் பத்திரம் விற்றுவிட்டுத் திரும்பும்போது 1942 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார்.

ஸ்டீவின் கதையை நேர் எதிர்த் திசையில் வாழ்ந்த ஒருவர் உண்டு. இவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரியில் கொடி நடும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். அதில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆறு பேரில் உயிரோடு மிஞ்சிய மூவரைப் போர்முனையிலிருந்து வரவழைத்துப் பத்திரம் விற்க ஊர் ஊராக அனுப்பினார்கள். விளையாட்டரங்கில் மேடை போட்டு, மறுபடியும் கொடி நட்டுக் காட்டச் சொன்னார்கள். அவர்களில் ஐரா ஹேய்ஸ் அமெரிக்கப் பழங்குடி, பீமா இனத்தவர். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. என்னைப் படைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார். போருக்குப் பிறகு குடியில் விழுந்து 1955இல், முப்பத்திரண்டு வயதில் இறந்தார். இதில் கொடுமை, மற்ற இருவரும் அந்தப் புகைப்படத்தில் இல்லவே இல்லை என்று மரீன் படையே 2016இலும் 2019இலும் ஆராய்ந்து அறிவித்தது.

ஸ்டீவ் மேடையிலிருந்து போருக்குப் போகிறான். ஹேய்ஸ் போரிலிருந்து மேடைக்கு இழுத்துவரப்பட்டார். படம் எடுத்தவர்கள் மனத்தில் ஹேய்ஸ் இருந்தாரா என்பது என் வாதம் அல்ல. அந்தக் குரங்குப் படத்தை வரையும் காட்சியை எனக்கு ஹேய்ஸை நினைக்காமல் பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது குறை. மொட்டைமாடி சொன்ன ஹைட்ரா விஷயம் பொம்மை வியாபாரத்தைவிடப் பெரியது. ஸ்டீவ் மீட்டுவரும் படையில் கேப் ஜோன்ஸ் கறுப்பர், ஜிம் மொரிடா ஜப்பானிய வம்சாவளி. எல்லோரும் ஒரே மேசையில் பீர் குடிக்கிறார்கள். உண்மையில் அமெரிக்கப் படையில் கறுப்பர்களுக்குத் தனிப் பிரிவுதான். 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணை போடும் வரை அதுதான் நிலைமை. மொரிடா நான் ஃப்ரெஸ்னோக்காரன் என்று எரிச்சலோடு சொல்லும் வசனத்துக்குத் தியேட்டர் சிரிக்கும். 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையால் ஃப்ரெஸ்னோ பக்கத்து ஜப்பானியக் குடும்பங்கள் முள்வேலி முகாமில் இருந்த காலம் அது! அந்த முகாம்களிலிருந்தும் ஹவாயிலிருந்தும் வந்த பையன்களைக் கொண்ட 442ஆவது படைப்பிரிவு இத்தாலியிலும் பிரான்ஸிலும் ரத்தம் சிந்தியது. இவ்வளவு பெரிய கதை ஒரு நகைச்சுவை வரிக்குள் போய்விட்டது.

யூத இனப்படுகொலை பற்றிப் படத்தில் ஒரு சொல் இல்லை. யூதர்கள் இருவர் படைத்த பாத்திரம் என்பதால் அது இன்னும் உறுத்துகிறது. நாஜிகள் முதலில் படையெடுத்தது தங்கள் சொந்த நாட்டின் மீதுதான், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்று எர்ஸ்கின் சொல்லும் இடம் ஒன்றுதான் ஆறுதல். அந்த ஒரு வரிக்காகவே டூச்சிக்கு என் வணக்கம்.

மொட்டைமாடி:

டீச்சர் வந்து என் பக்கம் பேசிட்டாங்க. கேஸ் முடிஞ்சுது. 😎

வைகைக்கரை:

முடியவில்லை தம்பி. படம் எனக்குப் பிடிக்கும் என்றுதான் சொல்கிறேன். பிடித்ததில் குறை சொல்லக்கூடாதா?

டீக்கடை பெஞ்ச்:

ஒரு சின்ன சந்தேகம். ஸ்டீவ் ஷோ நடத்தற இடம் இத்தாலி, நவம்பர் 1943ன்னு திரையில போடறாங்க. அப்போ அந்தப் பக்கம் இந்தியப் படை இருந்துச்சா? எங்க ஊர்ப் பக்கம் இத்தாலி போயிட்டு வந்தேன்னு ஒரு பெரியவர் சொல்லுவாரு, யாரும் நம்ப மாட்டோம்.

வைகைக்கரை:

நம்புங்கள். அதே நவம்பரில் 8ஆவது இந்திய டிவிஷன் இத்தாலியின் கிழக்குக் கரையோரம் சாங்ரோ ஆற்றங்கரையில் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு 4ஆவது இந்திய டிவிஷன் இத்தாலியின் மான்டே காசினோ போர்முனையில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அந்தப் பெரியவர் இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

கடைசி வரிசை:

போர்க்கால சூப்பர்ஹீரோன்னா ‘வொண்டர் உமன்’ (2017) பேசாம எப்படி? பதுங்குகுழியிலேர்ந்து டயானா ஏணி ஏறி, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கற அந்தச் சேத்துக் காட்டுல தனியா நடந்து போற காட்சி இருக்கே, கேப்டன் அமெரிக்கா முழுப் படத்துலயும் அதுக்கு ஈடா ஒண்ணு இல்ல. போர்னா என்னன்னு அதுல தெரியுது. கால் போன சிப்பாய், குழந்தையோட ஓடற அம்மா, அடி வாங்கற குதிரை, எல்லாம் காட்டறாங்க. ஆவியாகிப் போற சண்டை இல்ல.

ராத்திரி ஷோ:

@கடைசி வரிசை அந்தக் காட்சிக்கு நானும் எழுந்து நின்னு கை தட்டினவன்தான். ஆனா படம் எங்க போய் முடியுது? போருக்குக் காரணம் ஒரு போர்க்கடவுளா, மனுஷனான்னு ஒரு நல்ல கேள்வியைக் கேட்டுட்டு, மனுஷன்தான்னு சொல்லி, அப்புறம் அந்தக் கடவுளோடயே இருபது நிமிஷம் சண்டை போட்டு, அவரு செத்ததும் சிப்பாய்ங்க எல்லாம் கட்டிப்பிடிச்சுக்கறாங்க. கேட்ட கேள்வியைத் தானே அழிச்சிடுச்சு. அதுல வில்லனா வர்ற லூடன்டார்ஃப் நிஜ ஜெனரல் வேற. படத்துல 1918லயே குத்திக் கொன்னுடறாங்க. நிஜத்துல அந்த ஆள் 1923ல ஹிட்லரோட சேர்ந்து மியூனிக்ல ஆட்சியைப் பிடிக்கப் பாத்து, 1937 வரைக்கும் இருந்தான். கற்பனைக்கு சுதந்திரம் உண்டு, ஆனா இப்படிப்பட்டவனை அவ்வளவு சீக்கிரம் தப்ப விடலாமா?

இப்போ @மொட்டைமாடி. உங்க புகார்ல பாதி நியாயம். மாண்டேஜ் மொக்கைதான், அதுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். கூட்டாளிங்களுக்கு இன்னும் ஒரு காட்சியாவது வேணும். ஹைட்ரா விஷயத்துல டீச்சர் சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஆனா ‘போரே இல்ல’ங்கறதை ஒத்துக்க மாட்டேன். பக்கி ரயில்லேர்ந்து விழுந்தப்புறம் வர்ற காட்சியைப் பாருங்க. குண்டு விழுந்து நொறுங்கின லண்டன் மதுக்கடை. ஸ்டீவ் தனியா பாட்டிலோட உக்காந்திருக்கான். உடம்பு மத்தவங்களைவிட நாலு மடங்கு வேகமா வேலை செய்யறதால எவ்வளவு குடிச்சாலும் போதை ஏற மாட்டேங்குது. துக்கத்தை மறக்கக்கூட வழியில்லாத உடம்பு. மருந்து அவனுக்குக் கொடுத்ததைத்தான் எல்லாரும் பாக்கறோம், பிடுங்கினதைக் காட்டற ஒரே இடம் இது. இதுக்கு மேல போரை எப்படிக் காட்டணும்?

ஜான்ஸ்டன் ஏன் இப்படி எடுத்தாருங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1991ல ‘தி ராக்கெட்டியர்’ எடுத்தவர் அவரு. 1938ல நடக்கற கதை, முதுகுல ராக்கெட் கட்டிக்கிட்டுப் பறக்கறவன், நாஜிக் கையாள் வில்லன். அந்தக் காலத்து சாகசப் படங்க மேல பிரியம் உள்ள ஆள். நிஜப் போரை எடுக்க அவரு வரலை. 1940கள்ல ஒரு பொடியன் தன் தலைமாட்டுல காமிக்ஸ் வெச்சுக்கிட்டு நினைச்ச போரை எடுத்தாரு. ஆலன் சில்வெஸ்ட்ரி போட்ட அந்த அணிவகுப்பு இசையும், மேடைப் பாட்டுக்கு ஆலன் மென்கன் போட்ட மெட்டும் அதைத்தான் சொல்லுது. அந்தப் பாட்டை யாராவது நிஜமான 1943 ரெக்கார்டுன்னு சொன்னா நம்பிடுவோம்.

வைகைக்கரை:

ஸ்டீவ் காதலிக்கும் பிரிட்டிஷ் அதிகாரி பெக்கி கார்ட்டரை யாருமே தொடவில்லையே! ஹேலி அட்வெல் உதட்டுச் சாயத்தோடு வந்து ஒரு முரடனின் மூக்கை உடைப்பதை எல்லோரும் ‘மாஸ்’ என்று கடந்துவிடுகிறார்கள். பிரிட்டன் அந்தப் போரில் பெண்களை உண்மையாகவே உளவுக்கு அனுப்பியது. நூர் இனாயத் கான், திப்பு சுல்தானின் வழிவந்தவர், 1943 ஜூனில் வயர்லெஸ் கருவியோடு பிரான்ஸில் இறங்கினார். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார், வாயைத் திறக்கவில்லை. 1944 செப்டம்பரில் நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். பெக்கி உட்கார்ந்து காதல் பேசும் நேரம் படத்தில் மிகக் குறைவு. அவள் எப்போதும் ஏதாவது வேலையில் இருக்கிறாள். அதனால்தான் கடைசியில் விமானத்திலிருந்து வரும் அந்த வயர்லெஸ் பேச்சு, நடனத்துக்கு நாள் குறிப்பது, நெஞ்சைப் பிடிக்கிறது.

டீக்கடை பெஞ்ச்:

அந்த இடத்துல நான் கண்ணைத் துடைச்சேன்னு சொன்னா கிண்டல் பண்ணுவீங்களா?

கடைசி வரிசை:

பண்ணுவோம். நாங்களும் துடைச்சோம்.

பழைய பேப்பர்:

விமானத்தோட பனியில விழுந்து உறைஞ்ச ஸ்டீவ், பல வருஷம் கழிச்சு நம்ம காலத்துல கடைசியா எழுந்திருக்கற அறை பத்தி ஒண்ணு. வெள்ளைச் சுவர், ஜன்னல்ல 1940கள் நியூயார்க், ரேடியோவுல பேஸ்பால் வர்ணனை. எல்லாம் கச்சிதமா செட் போட்டிருக்காங்க. அவன் கண்டுபிடிக்கறது எதனால? அந்த மேட்ச் 1941 மே மாசத்துது, நான் நேர்ல பாத்தேனேங்கறான். ராத்திரி ஷோ சொன்ன மேடைக் கதைக்கு இதையும் சேர்த்துக்கங்க. மறுபடியும் ஒரு அரசாங்க அமைப்பு அவனுக்கு ஒரு செட் போட்டு, வேஷக்காரப் பொண்ணை அனுப்புது. இந்தத் தடவை அவன் சுவரை உடைச்சுக்கிட்டு டைம்ஸ் ஸ்கொயருக்கு ஓடறான்.

ராத்திரி ஷோ:

அண்ணே, இது எனக்குத் தோணவே இல்ல. இதுக்காகவே இன்னைக்கு மறுபடி போடறேன்.

மொட்டைமாடி:

போடுங்க. மாண்டேஜ் வர்றப்போ எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க, டீ போட அதுதான் சரியான நேரம்.